ஆந்தைக் கண்

டோர்ஷவன் ஆஸ்பத்திரி. ஏழாம் நாள்.
ஸ்டீராய்டு ஏறிக்கொண்டே இருக்கிறது,
இரத்தம் இறங்கிக்கொண்டே இருக்கிறது.
கழிப்பறைக்கு எத்தனை நடை என்று
கோடு கிழித்து வைக்கிறாள் ரன்வா;
மீன்பெட்டி எண்ணிய கை.

மூடுபனி. விமானம் இல்லை.
அவள் குடலின் அரிசியளவுத் துண்டு
கோபன்ஹேகன் போக
இரண்டு நாள் காத்துக் கிடந்தது.

பிறகு தொலைபேசி:
திசு முழுக்க ஆந்தைக் கண்கள்.
“நான் ஆந்தையே பார்த்ததில்லையே” என்கிறாள்.

ஏதோ சிறுவயதுக் காய்ச்சலில் நுழைந்து
நாற்பது வருடம்
வாடகை தராமல் தூங்கிய வைரஸ்.
தீயை அணைக்க நாங்கள் ஊற்றிய மருந்துதான்
காவல்காரனையும் தூங்கவைத்தது.
இதை அவளிடம் எப்படிச் சொல்ல.

புது மருந்துப் பை மாட்டுகிறேன்.
“இதோடு போய்விடுமா?”
போகாது ரன்வா. மறுபடி தூங்கும்.

பனி விலகவில்லை.
இன்று பதினான்கு கோடு.
நேற்று பதினேழு.