காய்வதற்கு பன்னிரண்டு மணி நேரம்

டிராக்கன்ஸ்பர்க் மலையடியில் கூடாரம் போட வாங்கிய
காற்று மெத்தை.
பதினோரு இரவாக
சாட்ஸ்வொர்த் வீட்டு ஹாலில் விரிகிறது, எனக்கு மட்டும்.

படுக்கும்போது முழங்கால் உயரம்.
மூன்று மணிக்கு இடுப்பெலும்பு டைல்ஸைத் தொடும்.
பம்பை மிதித்தால் சத்தம் போடும், அவள் எழுந்துவிடுவாள்.
தரையிலேயே கிடப்பேன்.

இன்று குளியல் தொட்டியில் மடித்து அமுக்கினேன்.
குளிக்க மறுக்கும் நாய் மாதிரி
ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எகிறியது.
நடுவில் கரண்ட் போனது.
டார்ச்சைப் பல்லில் கவ்வி
தையல் தையலாகத் தேடினேன்.

பழைய ஒட்டு தட்டுப்பட்டது.
மலையில் வேலமுள் தைத்த இடம்.
கையில் பசையில்லாமல்
லோஷ்ணி நெயில் பாலிஷ் பூசி அடைத்தாள், சிரித்துக்கொண்டே.
சிவப்பு மங்கிவிட்டது.
அதில் மட்டும் காற்றுப் போகவில்லை.

எப்போது வந்து நின்றாளோ,
டார்ச்சை என் வாயிலிருந்து எடுத்தாள்.
முழங்கைவரை நனைத்து
ஒரு மூலையை அழுத்திக் காத்திருந்தாள்.
"இங்க."
கடுகளவுக் குமிழ்,
அதன் பின்னால் இன்னொன்று.

பேனாவால் வட்டம் போட்டாள்.
துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, பசை தடவினேன்.
ஒட்டின் மேல் பத்துக் கிலோ அரிசிப் பையை
இருவருமாகத் தூக்கி வைத்தோம்.

பன்னிரண்டு மணி நேரம் காயணுமாம்.
டப்பாவின் பொடி எழுத்தை
அவள்தான் வாசித்தாள்,
டார்ச்சைக் கிட்டே பிடித்து, இரண்டு தடவை.

அப்படியென்றால் இன்று ராத்திரி
இதில் யாரும் படுக்க முடியாது.