பேரினம் மாறிய புதன்கிழமை

இனி இரண்டும் ஒன்று என்று
கடிதம் வந்தபோது
மதுரையில் மின்சாரம் இல்லை.
உலர்தாவர அறையின் ஜன்னலைத் திறந்தேன்.
நாகமலை வெயிலில் நீட்டிப் படுத்திருந்தது,
இன்னும் சட்டை உரிக்காமல்.

மரபணுவை அடுக்கிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்:
பிரேக்கிஸ்டெல்மா என்று தனிவீடே கிடையாதாம்.
செரோபீஜியாவின் கூரைக்குள்தான்
அதுவும் இத்தனை காலம் உறங்கியதாம்.
முந்தி அச்சேறிய பெயருக்கே முதலுரிமை;
செரோபீஜியா எழுபது ஆண்டு மூத்தது.
ஆகவே
விரலளவே எழும்பி
எதையும் பற்றி ஏறத் தெரியாத பூண்டெல்லாம்
இன்று காலை பத்தரை மணி முதல்
கொடிகளின் பேரினம்.

பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது.
தப்பான பெயரும் தாளிலேயே இருக்கும்,
பக்கத்தில் புதுச் சீட்டு, தேதி, கையெழுத்து.
நான்கு சீட்டு ஒட்டிய தாளும் உண்டு,
ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ்,
ஆதார், கல்யாணப் பத்திரிகை என்று
ஆளுக்கொரு விதமாய் எழுதிவைத்த
என் பெயரைப் போல.
தவமணிதேவி. தவமணி. தவமனி தேவி. டி. தேவி.
எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும்
திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

இருபத்து மூன்று தாள். பசை, கத்தரி, கறுப்பு மை.
ஒன்றில் மட்டும் சிக்கல்:
அதே சிற்றினப் பெயரோடு ஒரு கொடி
முன்பே இந்த வீட்டில் குடியிருக்கிறது.
வகுப்பில் இரண்டு பாண்டியம்மாள் என்றால்
வாத்தியார் இன்ஷியல் போடுவார், முடிந்தது.
இங்கே செல்லாது.
யாரோ புதுப்பெயர் வைத்து அச்சிட்டு
உலகத்துக்கு அறிவிக்கும்வரை
பென்சிலில் ஒரு கேள்விக்குறி.

செரோபீஜியா என்றால் மெழுகு ஊற்று.
கிரேக்கத்தில் அப்படித்தான் பிரிக்க வேண்டுமாம்.
இதழ்கள் ஐந்தும் நுனியில் கூடிக்கொள்வதைப் பார்த்தால்
எனக்குக் கம்பிவலை போட்ட லாந்தர்தான்.
சரிவில் ஆடு மேய்த்த ஒச்சப்பனுக்கு
இரண்டும் இல்லை.
கம்பால் கிளறிக் கிழங்கை எடுத்தார்,
வேட்டியில் துடைத்துக் கடித்தார்.
"பேரா? நாக்கு வறண்டா தோண்டித் திங்கிறது.
அம்புட்டுதேன்."
உள்ளூர்ப் பெயர் என்ற கோட்டில் தொடங்கி
அடுத்த கோட்டிலும் வழிய
அப்படியே எழுதினேன்.
துறைத்தலைவர் ஜெயசீலி அதை அடிக்கவில்லை.

கடைசித் தாள்.
நவம்பர் 1981. மேலூருக்குக் கிழக்கே
ஒரு குன்று, வடசரிவு.
அந்தக் குன்று இப்போது
எந்த ஊர் வரவேற்பறையில் பளபளக்கிறதோ.
பெயரைக் கிழிக்கக் கூடாதென்ற சட்டம்
பாறைக்குக் கிடையாது.

லென்ஸை வைத்தேன்.
இந்தப் பூவின் குழலுக்குள்
மயிர்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்.
வாசனைக்கு வந்த ஈ இறங்கலாம், ஏற முடியாது.
ஓர் இரவுக் காவல்தான்.
விடிந்தால் மயிர் வாடும்,
மகரந்த மூட்டையோடு வெளியே போகலாம்.

அடியில், குழல் உப்பிய இடத்தில்,
சிறகு மடங்கி
ஓர் ஈ.

பறித்தவர்
சாயங்காலமாய்ப் பறித்திருக்கிறார்.

நான்கு சீட்டிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
ஐந்தாவதை ஒட்டி
பசை காய்வதற்குள் ஓரத்தில் எழுதினேன்:
உள்ளே ஒருவர் இருக்கிறார்.

மின்சாரம் வந்துவிட்டது.
ஒட்டாத சீட்டுகள் பறக்குமுன்
விசிறியை நிறுத்த ஓடினேன்.