சில்லறை

பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தேன்
நெடுஞ்சாலைச் சாவடியில், கண்ணாடிப் பெட்டிக்குள்.
என்னில் உழைத்தது வலது கை மட்டும்:
நீளும், வாங்கும், சில்லறை வைக்கும்,
'தெரிமா காசே' என்று விரல்களே சொல்லும்.
இடது கால் எதற்கென்று
யாராவது கேட்டிருந்தால்
யோசித்துத்தான் சொல்லியிருப்பேன்.

பிறகு அட்டை வந்தது.
பெட்டி காலியானது.
கொடுத்த நஷ்டஈட்டில் முதலில் நான் வாங்கியது
மெத்தை வைத்த சோபா.

செந்தூல் கிளினிக்கில் ரத்தம் எடுத்த நர்ஸ்
எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"நடங்க அக்கா" என்றாள்.

நடந்தேன்.
காலை ஏழு மணிக்கு
தித்திவங்சா ஏரியைச் சுற்றிலும்
எனக்குத் தெரிந்தவர்களாகவே இருந்தார்கள்.
வேலை என்னாச்சு?
எவ்வளவு கொடுத்தான்?
மகள் இன்னும் ஜொகூர்லதானா?
மூன்றாம் நாள்
கோமளவல்லி தூரத்தில் கையாட்டியதும்
ஓட ஆரம்பித்தேன்.

வேறு காரணம் எதுவும் இல்லை.
மன உறுதி, மறுபிறவி என்பதெல்லாம்
பிற்பாடு மற்றவர்கள் வைத்த பெயர்.
ஓடுகிறவளை நிறுத்தி
யாரும் கணக்குக் கேட்பதில்லை.

ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்தது வரை.
அவ்வளவுதான் முடிந்தது.
தகர டப்பாவில் கல் போட்டுக் குலுக்கியது போல
நெஞ்சுக்குள் ஒரு சத்தம்.
தொடை உரசி எரிந்தது.
அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று
யாரிடம் போய்க் கேட்பது?
பசார் மாலாமில் முப்பத்தைந்து வெள்ளிக்கு வாங்கிய சப்பாத்து
இரண்டாம் வாரமே வாயைப் பிளந்து
என்னைவிட அதிகமாய் மூச்சு வாங்கியது.

எனக்கு முன்னால் பின்னோக்கி நடப்பாள்
சிவப்புத் தொப்பி போட்ட சீனப் பெண் ஒருத்தி.
முழங்காலுக்கு நல்லதாம்.
என் ஓட்டமும் அவள் பின்நடையும்
ஒரே வேகம்.
ஆகவே கம்பத்துக்குக் கம்பம்
நேருக்கு நேர் பார்த்தபடியே போனோம்,
வெட்கப்பட இருவருக்கும் வேறு பக்கம் இல்லாமல்.
சாவடியில் ஒரு காருக்கு நாலு நொடி.
அதில் பாதி, கண்ணாடி இறங்குவதற்கே போய்விடும்.
இவ்வளவு நேரம் ஒரு முகத்தை
நான் பார்த்ததே இல்லை.

லூய், என்றாள் ஒருநாள் தன்னைக் காட்டி.
நானும் சொன்னேன்:
'ஞானாம்' ஒரு கம்பத்தில்,
'பிகை' அடுத்ததில்.

கம்பங்கள் ஏழாயின.
ஏழு பத்தாகும் என்றிருந்தேன்;
மழை பிடித்த வாரம் நாலாகிவிட்டது.
எண்ணிக்கைதான் எனக்குத் தெரிந்த ஒரே தொழில்.
ராத்திரி கணக்கில் குறைந்தால்
கைக்காசைப் போட்டு ஈடுகட்டுவோம்.
இங்கே எதைப் போடுவது?
மறுநாள் இருட்டோடு எழுந்து போனேன்.
கையில் அதுதான் இருந்தது.

இன்று லூய் வரவில்லை.
எதிரே ஒரு முகம் இல்லாமல்
என் வேகம் எனக்கே தெரியவில்லை.
ஈரத் தரையில் மழைமரப் பூக்கள்,
குரங்கு கிழித்த நாசி லெமாக் பொட்டலம்,
ஏரிக்கு அப்பால் மேகத்துக்குள் பாதி போன கோபுரங்கள்.
படகுத்துறையைத் தாண்டியது நினைவிருக்கிறது.
எத்தனை கம்பம் என்று கேட்டால்
சொல்லத் தெரியாது.
பத்தொன்பது வருஷத்தில் முதன்முறையாக
கணக்கு விட்டுப்போனது.

வளைவில் கோமளவல்லி.
இந்த முறை நானே நின்றேன்,
இடது கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு.
"என்ன ஞானா, வேலை ஏதும்..."

கொஞ்சம் பொறு என்று சொல்ல மூச்சில்லை.
வலது கை தானாக நீண்டது,
வாங்குவதற்கில்லாமல்,
கொடுப்பதற்கும் இல்லாமல்.
அவள் காத்திருந்தாள்.