இரண்டாம் சனிக்கிழமை

மெர்லின்,
உன் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது
கையில் ஒரு குக்கர் வெயிட் இருந்தது.
குக்கரை என்றைக்கோ விற்றிருக்கிறீர்கள்.
வெயிட் இல்லாவிட்டால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று
இவள் எடுத்து ஒளித்துவைத்தாளாம்.
வாங்கிவிட்டார்கள்.

லிங்கராஜபுரத்தில் எங்களுக்கு ஒன்றரை அறை.
அந்த அரை இப்போது ஜோவிட்டாவுக்கு.
கமிட்டித் தாளில் மெத்தாம்ஃபெட்டமைன் என்று இருக்கிறது.
உன் புருஷனைப் பரப்பன அக்ரஹாராவுக்குக் கொண்டுபோன போலீஸ்காரர்
கிரிஸ்டல் என்றார்.
இவள் சொல்வது "முழிப்பு".
அம்மா முழிப்பு போட்டிருந்தா, ஆன்ட்டி.

முதல் வாரம் எதையும் கேட்கவில்லை.
சப்பாத்தியைத் தலையணை உறைக்குள் வைத்தாள்.
எறும்பு வந்தது.
எறும்பைத்தான் திட்டினேன்,
ஆனாலும் குரல் குரல்தானே,
குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.
கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
ஒரு கிலோ அவரைக்காய் உரித்து முடித்தேன்.

பிறகு ஒரு நாள் பல்பு ஃபியூஸ் போனது.
வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறிக் கழற்றி
காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு
மேசைமேல் வைத்தார்.
அவ்வளவுதான்.
அவள் எழுந்தாள்.
ஜன்னலைச் சாத்தினாள்.
வாசலில் கிடந்த செருப்புகளை உள்ளே எடுத்துவைத்தாள்.
டிவி சத்தத்தைக் கூட்டினாள்.
ஏழு வயதில், வேலை தெரிந்தவளைப் போல.
எங்களுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.
இப்போது வீடு முழுக்க டியூப் லைட்.

இரவுகளை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.
இரண்டு மணி சுமாருக்கு வருவாள்.
என் மூக்கின் கீழ் ஒரு விரலை நீட்டுவாள்.
நீ மூன்று நாள் விழித்திருந்துவிட்டு
இரண்டு நாள் கட்டையாய்க் கிடந்தபோது
தானாகக் கற்றது என்றார் கவுன்சலர்.
முதல் தடவை அலறிவிட்டேன்.
இப்போது கண்ணைத் திறப்பதில்லை.
மூச்சைக் கொஞ்சம் சத்தமாக விடுகிறேன்,
போய்ப் படுக்கட்டும் என்று.
அடுத்து அவரிடம் போவாள்.
அவருடைய குறட்டைக்கு விரல் தேவையே இல்லை,
ஆனாலும் வைத்துப் பார்ப்பாள்.

பகலில் கார்மெண்ட்ஸில்
ஊசிக்குக் கீழே என் விரல் போகிறது.
இருமுறை போய்விட்டது.
பிள்ளை இல்லாதவளுக்கு இதெல்லாம் எதற்கு என்கிறாள் நாத்தனார்.
அவள் சொல்வது தப்பில்லை.
எதற்கு என்று எனக்கும் தெரியாது.

போன இரண்டாம் சனிக்கிழமை
ஓசூர் சாலை அலுவலகத்துக்கு நீ வந்தாய்.
கன்னத்துப் புண் ஆறியிருந்தது.
சிரிக்கும்போது
போன பற்களைக் கையால் மறைத்தாய்.
"நாலு மாசமாச்சுக்கா, தொடல" என்றாய்.
அக்கா என்றது பிடிக்கவில்லை.
அதைவிட,
எனக்குள் ஏதோ ஒன்று
ஐந்தாகிவிடக் கூடாது என்று நினைத்தது.
பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை.
உன்னிடம் சொல்கிறேன்.

மணி முழுக்க அவள் உன் கண்களையே பார்த்தாள்.
பாசம் என்று நினைத்திருப்பாய்.
பாசமும் இருக்கும்.
கருமணி எவ்வளவு பெரிதாயிருக்கிறது என்று
அளந்துகொண்டிருந்தாள்.
பஸ்ஸில் என்னிடம் சொன்னாள்,
"சின்னதாத்தான் இருந்துச்சு."
அப்புறம் ஹெண்ணூர் வரைக்கும் தூங்கினாள்.
பகலில் அவள் தூங்கி அன்றுதான் பார்த்தேன்.

நேற்று அவள் பள்ளிக்கூடம் போனதும்
அந்த வெயிட்டை என் குக்கரில் போட்டுப் பார்த்தேன்.
வேறு கம்பெனி. உட்காரவில்லை.
ஈர்க்குச்சியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்து
அவள் வைத்திருந்த இடத்திலேயே,
சாக்ஸுக்குள், திரும்ப வைத்தேன்.

இரண்டு மணிக்கு விரல் வந்தது.
விழித்துத்தான் இருந்தேன்.