கற்பனை அதிர்வெண்

அகச்சிவப்பு வரைபடத்தில்
சிகரங்கள் கீழ்நோக்கித் தொங்கும்,
பகலில் வௌவால்களைப் போல.
ஒவ்வொன்றையும் எனக்குத் தெரியும்,
அந்த ஒன்றைத் தவிர.
ஆயிரத்து எழுநூற்று நாற்பத்து மூன்றில்
கூராக, கூச்சமில்லாமல்.

பினாங்கு மலைச் சரிவில்
ஒரு மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த
வெளிறிய மஞ்சள் பொடி, நாலு மில்லிகிராம்.
குறிப்பேட்டில் அதன் பெயர் பட்டை-17.
இரண்டு வளையம், ஒரு ஹைட்ராக்சில்,
கார்பனில் கிடையாது.
கிடையவே கிடையாது என்று
டாக்டர் ரோஸ்னாவுக்கு எழுதியும் கொடுத்துவிட்டேன்.

கணினி என் பக்கம்.
அதன் மூலக்கூறு வெற்றிடத்தில் மிதக்கிறது,
பூஜ்ய கெல்வினில்.
வியர்வை இல்லை, ஈரப்பதம் இல்லை,
குளுகோர் சாலை லாரிகள் இல்லை.
எல்லா எண்ணையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும்.
புள்ளி ஒன்பது ஆறால் பெருக்கினால் அடங்கிவிடும்.
என் மாமா சொல்லும் கதைகளுக்கும்
ஏறக்குறைய அதே காரணி.
ஆனால் அந்த இடத்தில்
பெருக்குவதற்குக்கூட அதனிடம் எண் இல்லை.

மூன்றாம் இரவு நான் தவறு செய்தேன்.
இல்லாத ஓர் எஸ்டரைத் திரையில் வரைந்து
மூலக்கூறின் தோளில் மாட்டி
விடியும்வரை ஓடவிட்டேன்.
விடை வந்தது:
கற்பனை அதிர்வெண், ஒன்று.
அதாவது, பள்ளத்தாக்கில் அமர்ந்த வடிவமல்ல இது.
கணவாயின் மேல் தள்ளாடி நிற்கிறது.
கற்பனை ஒன்றே ஒன்றுதான். போதும்.

பக்கத்து மேசை சியூ லிங்,
ஆறு ஆண்டாய் ராமன் கருவியோடு குடித்தனம் நடத்துபவள்,
என் மாத்திரையை விளக்கருகே பிடித்துப் பார்த்தாள்.
பிறகு என் கையை.
"ராத்திரி என்ன சாப்பிட்டாய்?"
நாசி கண்டார்.
"எதோடு?"
கணவாய்.
"முந்தாநாள்?"
அதே கடை, அதே கணவாய்.
அமீன் நானா மூன்று குழம்பைக் கலந்து ஊற்றுவார்.
"சாப்பிட்டு வந்துதானே இதை அழுத்தினாய்?"
கையுறைப் பெட்டி காலியாகி ஒரு வாரம்.

அவள் சிரிக்கவில்லை.
மாத்திரையின் விளிம்பில்
என் கட்டைவிரல் பதிந்த இடத்தைக் காட்டினாள்.
எண்ணெய். கொழுப்பின் எஸ்டர்.
ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே இருப்பதைத்தான்
கைரேகைப் பகுதி என்போம்.
என்னுடையது அதற்கு மேலே விழுந்திருந்தது.

சோப்பு. எத்தனால். கடன் வாங்கிய கையுறை.
அகேட் உரலில் மறுபடி அரைத்து,
வெளியே மழை கொட்ட,
உப்பு ஈரத்தைக் குடிக்குமுன் அழுத்தினேன்.
ஒரு வௌவால் குறைந்தது.

வீட்டுக்குப் போயிருக்கலாம்.
கணக்கில் மூவாயிரத்து அறுநூறுக்கு மேலே
ஊசியாய் நின்ற ஹைட்ராக்சில்
இங்கே மூவாயிரத்து இருநூற்றுச் சொச்சத்தில்
அகலமாய்ச் சாய்ந்து கிடக்கிறது.
எண்ணெய்மேல் பழி போட முடியாது.
வெற்று மாத்திரையையும் ஓட்டிப் பார்த்தேன்,
ஈரமும் இல்லை.

திரையில் அது ஒற்றை ஆள்.
படிகத்தில் பக்கத்து வீட்டு ஆக்சிஜன்
கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது போலும்.
பிடித்துக்கொண்டதும் குரல் தாழ்கிறது.

இரண்டு மூலக்கூறுகளை எதிரெதிரே வைத்து
கணக்கை அனுப்பினேன்.
வரிசையில் எங்களுக்கு முன் பதினோரு பேர்.
நாலு நாள் ஆகும்.

சியூ லிங் குடையை எடுத்தாள்.
"வா, பசிக்கிறது.
இன்றைக்குக் கரண்டி."