கால் சுற்று

விசில் ஊதினால் கால் சுற்று.
அவ்வளவுதான் வேலை.
ஆளுக்குப் பத்து திருகு ஜாக்கி.
பத்தையும் ஒரே அளவு திருகிவிட்டு
அடுத்த விசிலுக்குக் காதைத் தீட்டி வைக்க வேண்டும்.
தலைக்கு மேலே நாலு மாடிச் செங்கல்,
அதற்குள் ஒரு தொப்பிக்கடை, ஒரு பல் வைத்தியர்.
அவர் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்;
அலறல் எங்களுக்குக் கேட்டது.

சிகாகோ சேற்றில் உட்கார்ந்திருந்த காலம்.
சாக்கடைக்குப் பள்ளம் வெட்டினால்
ஏரி வந்து எட்டிப் பார்க்கும்.
கீழே போக முடியாத ஊர்
மேலே போவதென்று முடிவெடுத்தது:
தெருவின் மேல் குழாய், குழாயின் மேல் மண்,
மண்ணுக்குச் சரியாக வீடு.
யாரோ காகிதத்தில் கோடு போட்டார்.
கோட்டைத் தூக்கியது எங்கள் முதுகு.

எனக்குப் பதினெட்டு வயது.
பெர்கனில் கப்பலேறி வந்து ஏழு வாரம்.
ஆங்கிலத்தில் இரண்டு சொல் தெரியும்:
திருப்பு, நிறுத்து.
முதல் மாடி ஜன்னலில் ஒருத்தி
தேநீர்க் கோப்பையை வைத்திருந்தாள்.
ஐந்து நாளில் நாலரை அடி ஏறினாள்.
கோப்பை தளும்பவில்லை.
அவள் கீழே பார்க்கவும் இல்லை.

பிறகு தபால்காரன் ஆனேன்.
மரவீடுகளை உருளைமேல் ஏற்றி
ஊர் எல்லைக்கு இழுத்துப் போனார்கள்.
உறையில் எண் சரி, தெரு சரி,
வீட்டைத்தான் காணோம்.
ஒருமுறை மேடிசன் தெருவில் துரத்திப் பிடித்தேன்.
புகைபோக்கியில் புகை, உள்ளே முட்டைக்கோஸ் வாசம்.
நடந்துகொண்டே கதவைத் தட்டினேன்.
யுட்டா க்ரோனேமான் மாவுக்கையோடு வாங்கிக்கொண்டாள்.
"நாளைக்கு எங்கே இருப்பீர்கள்?"
"குதிரைகளைக் கேள்" என்றாள்.

இந்தக் கடை ஏறிவிட்டது, அந்தக் கடை ஏறவில்லை.
நடைபாதையில் ஆறு படி ஏறி,
எட்டடி நடந்து, ஆறு படி இறங்கி,
நாள் முழுக்க மலையேறிவிட்டுச்
சமவெளியில் தூங்கினேன்.

குழாய்கள் வந்தன.
கழிவெல்லாம் ஆற்றுக்கு, ஆறு ஏரிக்கு,
ஏரியிலிருந்துதான் எங்கள் குடிதண்ணீர்.
குழாயைத் திறந்தால் பொடிமீன் விழும்;
மீனாவது கண்ணுக்குத் தெரிந்தது.
அறுபத்தாறில் காலரா.
தம்பி ஈவர் வியாழன் காலையில்
கோதுமை மூட்டை தூக்கினான்.
வெள்ளி மாலை அவனை நாங்கள் தூக்கினோம்.

அப்புறம்தான் ஏரிக்கடியில் இரண்டு மைல் சுரங்கம்.
தூரத்துத் தண்ணீர், தெளிந்த தண்ணீர்.
எழுபத்தொன்றில் ஊரே எரிந்தது.
பையில் இருநூறு கடிதம்,
கண்ணுக்கு ஒரு கதவுகூட இல்லை.
சாம்பலில் குச்சி நட்டு
பெயர் எழுதி வைத்திருந்தார்கள்.
குச்சிகளுக்குத் தபால் கொடுத்தேன்.
அந்தச் சாம்பல்மேல்
இரும்பெலும்பு வைத்துப் பத்து மாடி கட்டினார்கள்.
லிஃப்ட் வந்தபோது
என் முழங்கால் போயே போயிருந்தது.

தொள்ளாயிரமாம் ஆண்டு, ஜனவரிக் குளிர்.
வேலை ஓய்ந்து பாலத்தில் நிற்கிறேன்.
இருபத்தெட்டு மைல் கால்வாய் வெட்டி
ஆற்றையே திருப்பிவிட்டார்கள்.
ஒரு பனிக்கட்டித் துண்டு
ஏரிக்குக் கிளம்பியது,
தயங்கியது,
நாட்டுக்குள் திரும்பியது.
பக்கத்திலிருந்தவன் தொப்பியைக் கழற்றினான்.
நானும் கழற்றினேன், ஈவருக்காக.

தபால்காரன் புத்தி போகுமா?
ஊர் முழுக்கச் சேர்ந்து எழுதிய கடிதம் அது,
பழுப்பு நிறத்தில், தெற்கே போகிறது.
முந்நூறு மைலுக்கு அப்பால்
ஏதோ ஒரு சிற்றூரில், விடியலில்,
ஒருத்தி வாளியோடு குனிவாள்.
உறையில் அவள் பெயர் இல்லை.
திருப்பி அனுப்பவும் வழியில்லை,
ஆறு இப்போது ஒரே பக்கம்தான் ஓடுகிறது.

பாலத்தின் குளிர்ந்த கைப்பிடியில்
என் கை தானாக ஒரு
கால் சுற்று சுற்றியது.
விசில் எதுவும் கேட்கவில்லை.