வால்வீச்சு

பிரார்த்தனை முடிந்ததும்
மைக் இரண்டு முறை கீச்சிட்டது.
உசிலம்பட்டியில் ஒன்பதரைக்கே வெயில் உச்சிக்கு வந்துவிடும்.
மேடை மேசையில் பச்சைத் துணி, அதன்மேல் கோப்பை.
கோப்பையின் உச்சியில் ஒருவன்
கிரிக்கெட் மட்டையோடு நின்றான்.
டவுன்ஹால் ரோட்டுக் கடையில்
வாள் பிடித்த பொம்மை தீர்ந்துவிட்டதாம்.
"என்னைக்கு இருந்துச்சு, தீர்றதுக்கு?" என்றாள் ஷர்மிளா பானு.

நாங்கள் நால்வர். நான் நான்காவது.
மூவர் ஆடும் அணியில் நான்காவது ஆள் என்றால்
வயர் சுருட்டுகிறவள்.
முகக்கவசத்து வியர்வையை டெட்டால் போட்டுத் துடைக்கிறவள்.
ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி
வாள்பையை மடியில் கிடத்திக்கொள்கிறவள்.
"ஸ்கிரீன் கம்பியாம்மா? லக்கேஜ் போடணும்"
என்கிற கண்டக்டருக்கு
ஆமாம் என்று தலையாட்டுகிறவளும் நான்தான்.
இல்லை என்றால் செக்கானூரணி வரைக்கும் கேள்வி வரும்.

அன்று ரேஸ்கோர்ஸ் உள்ளரங்கில்
பானுவுக்குக் கணுக்கால் பிசகியது.
கடைசி ஆட்டம் அவளுடையது,
என்னுடையதாகிவிட்டது.
நாற்பத்து நான்கு, நாற்பத்து நான்கு.
எதிரே நின்ற பெண்ணின் முகம் தெரியவில்லை,
வலைக்குப் பின்னால் மூச்சு மட்டும்.
பாய்ந்தேன்.
அவள் குனிந்தாள்.
விளக்கு எரிந்தது, அவள் பக்கம்.
நடுவர் குனிந்து விரிப்பைப் பார்த்தார்,
கையை ஆட்டினார்:
"தரை. செல்லாது."

செல்லாது.
அந்தச் சொல் எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது தெரியுமா.
பின்னால் நாகஜோதி மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.
அவள் பிளஸ் டூ.
தங்கம் என்றால் மாநிலப் போட்டி,
வெள்ளி என்றால் ஊருக்குப் பஸ்.

கான்வாஸ் ஷூவுக்குள்
வலது கால் பெருவிரல் தீயாக எரிந்தது.
முகக்கவசத்தைத் தூக்கினேன்.
"தரை இல்ல சார். விரலு."

ஏன் சொன்னாய் என்று கேட்காத ஆளில்லை.
நேர்மை என்றார் ஜெபமணி டீச்சர்.
அது எனக்குத் தொளதொளவென்று
அக்காவின் சட்டை மாதிரி இருந்தது.
வலித்தது, வாய் திறந்துவிட்டது.
அவ்வளவுதான்.
இன்னொரு நாள் என்றால் மூடியே இருந்திருப்பேனோ என்னவோ.

திரும்பும்போது
நாகஜோதி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள்.
நாகமலை முழுக்க ஓடி முடிந்தும் திருப்பவில்லை.
அப்புறம் ஒன்பது நாள்.
பயிற்சியில் என் வாளைத் தட்டுவாள்,
பேச மாட்டாள்.

இப்போது மேடையில் பெயர் வாசிக்கிறார்கள்.
சிறந்த வீராங்கனை, நாகஜோதி.
கைதட்டல்.
அங்காளஈஸ்வரி. கைதட்டல்.
நொண்டிக்கொண்டு போன பானுவுக்குக் கூடுதல் கைதட்டல்.
என் முறை வந்தபோது
சத்துணவுக்கூடத்தில் குக்கர் விசிலடித்தது.
பதக்கம் கழுத்தில் சில்லென்று விழுந்தது.
ஷூவுக்குள் நகம் கறுத்துக்கிடந்தது,
அதை யாரும் அறிவிக்கவில்லை.

வரிசைக்குத் திரும்பி நின்றோம்.
பக்கத்தில் நாகஜோதி,
சான்றிதழை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி.
நேராகப் பார்த்துக்கொண்டே
அதை என் பக்கம் கொஞ்சம் சாய்த்தாள்.
ஒரு எழுத்தின்மேல் அவள் விரல் இருந்தது.
'மாவட்ட அளவிலான வால்வீச்சுப் போட்டியில்.'

என் சான்றிதழைப் பார்த்தேன்.
அதிலும் வால்.
நான்கிலும் வால்.

அடக்கினேன். தோள் குலுங்கியது.
"சரியாத்தான்டி போட்டிருக்காங்க," என்றாள்,
உதடு அசையாமல்.
ஒன்பது நாளில் முதல் பேச்சு.
பானு கொக்கரித்தாள்.
"ஏய் வாலுங்களா!" என்று டீச்சர் பல்லைக் கடித்ததும்
வரிசை முழுக்கக் கலைந்தது.

மதியம் திருத்தித் தருவதாகச் சொல்லி
சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்டார்கள்.
நாகஜோதி கொடுத்தாள், கல்லூரிக்கு வேண்டும்.
மற்ற இருவரும் கொடுத்தார்கள்.
என்னுடையது தொலைந்துபோயிற்று என்றேன்.

கணக்கு நோட்டுக்குள் இருக்கிறது.